சைனஸ் தொற்றை வீட்டில் தணிப்பது எப்படி: எதை முதலில், எதை அப்புறம்

சைனஸ் தொந்தரவுக்கு என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும் ஆவி பிடி, உப்புநீரில் மூக்கைக் கழுவு, ஒத்தடம் கொடு என்று சொல்லிவிடுவார்கள். இவை தெரியாதவர்கள் குறைவு. தடுமாற்றம் வருவது வரிசையில்தான். அடைத்துக் கிடக்கும் மூக்கில் முதலில் ஸ்பிரேயை அடிப்பார்கள். அப்புறம் உப்புநீரை விட்டு அந்த மருந்தையே கழுவி வெளியேற்றிவிடுவார்கள். குழாயில் வரும் தண்ணீரை அப்படியே மூக்கில் ஊற்றுவார்கள். சிலர் மூன்றாம் நாளே ஆன்டிபயாடிக் தேடி ஓடுவார்கள். இன்னும் சிலர் மூன்று வாரம் ஆன பிறகும் போர்வைக்குள் உட்கார்ந்து ஆவி பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

கீழே உள்ளது பெரியவர்களுக்கான வழிமுறை. சிறு குழந்தைகளுக்கு அளவும் வேறு, ஆபத்தும் வேறு. அவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

1. உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சைனஸ் என்பவை முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகள். மொத்தம் நான்கு ஜோடி: கன்னங்களில், நெற்றியில், இரு கண்களுக்கு நடுவே, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில். இவற்றின் உட்புறச் சவ்வு எப்போதும் கொஞ்சம் சளியைச் சுரந்துகொண்டிருக்கும். அந்தச் சவ்வில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் சளியைச் சிறு துவாரம் வழியாக மூக்குக்குள் தள்ளிவிடும். ஆரோக்கியமாக இருக்கும்போது இது நடப்பதே நமக்குத் தெரியாது.

ஜலதோஷ வைரஸ் வந்ததும் சவ்வு வீங்குகிறது. துவாரம் சில மில்லிமீட்டர் அகலம்தான் என்பதால் அந்த வீக்கத்திலேயே மூடிக்கொள்கிறது. உள்ளே சளி தேங்குகிறது, கெட்டியாகிறது. மயிரிழைகளின் அசைவும் மந்தமாகிறது. முகத்தில் தெரியும் பாரமும் குனிந்தால் கூடும் வலியும் இதனால் வருபவை.

கன்னத்து சைனஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் துவாரம் அறையின் அடியில் இல்லை, மேல்பகுதியில் இருக்கிறது. தொட்டியின் வடிகுழாயை அடியில் வைக்காமல் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்தது போல. நாம் நிமிர்ந்து நிற்கும்போது சளி தானாக வடியாது, மயிரிழைகள்தான் அதை மேலே ஏற்றிவிட வேண்டும். கன்னம் மற்ற இடங்களைவிட அதிகம் அவதிப்படுவதற்கு இது ஒரு காரணம்.

ஆக, செய்ய வேண்டியவை மூன்று: சளியை இளக்குவது, வீக்கத்தைக் குறைப்பது, மயிரிழைகளை வேலை செய்யவிடுவது. இனி வரும் படிகள் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்காகத்தான்.

2. சைனஸ் தொற்றுதானா என்று உறுதி செய்யுங்கள்

தலை வலித்தால் உடனே சைனஸ் என்று முடிவு கட்டுவது மிகப் பரவலான தவறு. தங்களுக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறத்தாழ 3,000 பேரைப் பரிசோதித்து 2004இல் ஒரு ஆய்வு வெளியானது. அவர்களில் 88 சதவீதம் பேரின் வலி ஒற்றைத் தலைவலியின் அடையாளங்களோடு ஒத்துப்போனது. ஒற்றைத் தலைவலியின்போதும் மூக்கு அடைக்கலாம், கண்ணில் நீர் வரலாம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சைனஸ் தொற்று என்றால் மூக்கில் அதற்கான அடையாளம் இருக்க வேண்டும்: கெட்டியான, நிறம் மாறிய சளி மூக்கிலிருந்தோ தொண்டைக்குப் பின்னாலோ இறங்கும். கூடவே மூக்கடைப்பு, முகத்தில் வலி அல்லது அழுத்தம். வாசனை குறைவதும் உண்டு. சளியே இல்லாமல் வெறும் தலைவலி, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசுகிறது, குமட்டுகிறது என்றால் மூக்கைக் கழுவிப் பயனில்லை. ஒற்றைத் தலைவலிக்கான சிகிச்சையைத்தான் கேட்க வேண்டும்.

தண்ணீர் போன்ற தெளிந்த ஒழுக்கு, அடுக்குத் தும்மல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு என்றால் ஒவ்வாமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் ஒழுகி, அதில் துர்நாற்றமும் வீசினால் மேல் கடைவாய்ப் பல்லைக் கவனியுங்கள். அந்தப் பற்களின் வேர்கள் கன்னத்து சைனஸின் தரையை ஒட்டியே இருக்கின்றன. பல் சீழ் பிடித்திருக்கும்போது எத்தனை முறை மூக்கைக் கழுவினாலும் நாற்றம் திரும்பி வரும்.

3. தொடங்கிய தேதியை எழுதி வையுங்கள்

அற்பமான வேலையாகத் தோன்றும். ஆனால் பின்னால் எடுக்கப்போகும் எல்லா முடிவுகளும் இந்தத் தேதியை வைத்துத்தான். நான்காம் நாளில் இருப்பவர் "பத்து நாளாக அவதிப்படுகிறேன்" என்று சொல்வதும், மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருப்பவர் "இப்போதுதான் வந்தது" என்று சொல்வதும் சகஜம்.

சைனஸ் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. பெரியவர்களுக்கு வரும் ஜலதோஷங்களில் 100க்கு இரண்டு அல்லது அதற்கும் குறைவானவையே பாக்டீரியா தொற்றாக மாறுகின்றன. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அது 7 முதல் 10 நாட்களுக்குள் தானாகத் தணியத் தொடங்கும். இருமலும் லேசான அடைப்பும் மட்டும் இன்னும் சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

பாக்டீரியா என்று சந்தேகிக்க மூன்று வழிகள் உண்டு. 10 நாள் கடந்தும் கொஞ்சமும் குறையாமல் இருப்பது ஒன்று. தொடக்கத்திலிருந்தே 39 டிகிரி செல்சியஸ் (102 டிகிரி ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சலும், சீழ் போன்ற சளியோ கடும் முகவலியோ தொடர்ந்து 3, 4 நாள் இருப்பது இரண்டாவது. மூன்றாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: ஐந்தாறு நாளில் தேறி வந்தவருக்குத் திடீரென்று மறுபடி காய்ச்சலும் வலியும் ஏறுவது.

சளியின் நிறம் இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பச்சை சளி என்றால் பாக்டீரியா என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றிவிட்டது. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதிதான் அந்தப் பச்சைக்குக் காரணம். வைரஸ் ஜலதோஷத்திலும் சில நாள் கழித்துச் சளி மஞ்சளாகும், பச்சையாகும், அப்புறம் தெளியும்.

4. வீட்டு முறையைத் தொடங்கக் கூடாதவர்கள்

இந்தப் படியை வழிகாட்டியின் கடைசியில் வைப்பதுதான் வழக்கம். பாதியில் படிப்பதை நிறுத்துபவர்கள் அதிகம் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கண்ணைச் சுற்றி வீக்கமோ சிவப்போ, பார்வை இரட்டையாகத் தெரிவது, கண் வெளியே தள்ளுவது, நெற்றியில் மெத்தென்ற வீக்கம், கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி, மனக்குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சைனஸுக்கும் கண்குழிக்கும் மூளைக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புதான். தொற்று அதைத் தாண்டுவது அரிது, தாண்டினால் ஆபத்து.

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் 10 நாள் காத்திருக்க வேண்டாம். இவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று வேகமாகப் பரவக்கூடும். முகம் மரத்துப்போவது, மூக்கிலோ அண்ணத்திலோ கருமையான திட்டு தெரிவது போன்றவை அவசர நிலை.

தலையில் அடிபட்ட பிறகு ஒரு மூக்கிலிருந்து மட்டும் தெளிந்த நீர் சொட்டினால் அது சளியாக இல்லாமல் மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். மூக்கைச் சிந்தவும் கூடாது, கழுவவும் கூடாது.

5. தேவையானவற்றை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

மூக்கு அடைத்து மூச்சு முட்டும்போது தண்ணீர் கொதித்து ஆறும்வரை காத்திருக்கப் பொறுமை இருக்காது. அந்த அவசரத்தில்தான் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். அதனால் தண்ணீரை முந்தைய இரவே தயார் செய்துவிடுங்கள்.

தண்ணீர்: கொதிக்க வைத்து ஆறவைத்தது, அல்லது கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் அப்படியே விட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம். பிறகு மூடி ஆறவிட்டு, சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

குடிக்கத் தகுந்த தண்ணீர் மூக்குக்கு ஏன் ஆகாது? நேக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா நல்ல நீரிலும் இருக்க முடியும். விழுங்கினால் நோய் வராது. மூக்கு வழியாகப் போனால் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறிவிடும். அந்த நோயில் பிழைப்பவர்கள் மிகச் சிலரே. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரை நேதிக் குடுவையில் (மூக்கில் நீர் விடுவதற்கான, நீண்ட மூக்குள்ள சிறு குடுவை) ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர் இப்படி இறந்தார்கள். மிக அரிதான நோய்தான். ஆனால் ஒரு நிமிடக் கொதியில் தவிர்க்கக்கூடிய ஒன்றை ஏன் விட்டுவைக்க வேண்டும்? வீட்டுத் தண்ணீர் வடிகட்டியை நம்ப வேண்டாம்; துளை 1 மைக்ரானோ அதற்கும் சிறியதோ என்று உறுதியாகக் குறிப்பிட்ட வடிகட்டி மட்டுமே இதற்குப் பொருந்தும்.

உப்புக் கலவை: அயோடின் சேர்க்காத, கட்டி தட்டாமலிருக்க எதுவும் கலக்காத தூள் உப்பு 3 டீஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன். இரண்டையும் கலந்து ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் 240 மில்லி வெதுவெதுப்பான நீருக்கு இந்தக் கலவை 1 டீஸ்பூன். எரிந்தால் அரை டீஸ்பூனாகக் குறைக்கலாம். சோடா எரிச்சலைத் தணிப்பதற்காகச் சேர்ப்பது. பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டுவிடாதீர்கள். இந்த அளவெல்லாம் வேண்டாம் என்று நினைத்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் தயார் உப்புப் பொட்டலமே போதும்.

கருவி: அழுத்தக்கூடிய 240 மில்லி பாட்டில் அல்லது நேதிக் குடுவை. இரண்டும் இல்லாவிட்டால் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை பாட்டில்தான். குடுவைக்குத் தலையை வைக்கும் கோணம் பழக வேண்டும். பாட்டிலில் கை அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்தால் போதும். ஒருவர் கருவியை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது.

6. முதலில் இளக்குங்கள்

காய்ந்து இறுகிய சளிமேல் உப்புநீரை ஊற்றினால் அது வந்த வழியே திரும்பிவிடும். அதனால் கழுவுவதற்கு முன் 5 முதல் 10 நிமிடம் ஈர வெப்பம் கொடுங்கள்.

எளிதான வழி வெந்நீர்க் குளியல். குளியலறைக் கதவை மூடிவைத்து அந்த ஈரக் காற்றை மூச்சிழுத்தாலே போதும். குளிக்க முடியாவிட்டால் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து மூக்கின் மேலும் கன்னத்திலும் நெற்றியிலும் ஒத்தி எடுங்கள். ஆறியதும் மறுபடி நனையுங்கள். முகவலிக்கு இந்த ஒத்தடம் கொடுக்கும் ஆறுதல், பாத்திரத்தின் மேல் குனிந்து பிடிக்கும் ஆவிக்குச் சற்றும் குறைந்ததல்ல.

ஆவி பிடிப்பதைப் பற்றி நேராகச் சொல்லிவிடலாம். சுகமாக இருக்கும், ஆனால் நோயைக் குணப்படுத்தாது. பிரிட்டனில் அடிக்கடி சைனஸ் தொல்லைக்கு ஆளாகும் நோயாளிகளிடம் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், உப்புநீர்க் கழுவல் அறிகுறிகளை ஓரளவு குறைத்தது. ஆவி தலைவலியைத் தவிர வேறெதையும் மாற்றவில்லை. கொதிக்கும் பாத்திரத்தை மடியிலோ கட்டில் ஓரத்திலோ வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதால் வரும் தீக்காயமோ நிஜமானது. பிடித்தே ஆக வேண்டும் என்றால் பாத்திரம் அசையாத மேசைமேல் இருக்கட்டும், அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடம் ஆறட்டும், முகம் ஒரு முழ தூரத்தில் இருக்கட்டும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மென்தால், யூகலிப்டஸ் தைலம் தண்ணீரில் விடுவதும் அப்படித்தான். மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பை அவை தூண்டுவதால் காற்று தாராளமாகப் போவது போலத் தோன்றும். அடைப்பு இருந்தபடியே இருக்கும். பெரியவர்கள் அந்த உணர்வுக்காகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை. கற்பூரம் கலந்த தைலம் எதையும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

7. அப்புறம் கழுவுங்கள்

இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். உப்புநீர் சளியையும் தூசியையும் அழற்சிப் பொருட்களையும் அடித்துக்கொண்டு போகிறது; மயிரிழைகளின் பாரம் குறைகிறது.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. உப்பு போட மறந்து வெறும் நீரை ஊற்றினால் சுரீர் என்று எரியும். உடல் திரவத்தைவிட அது நீர்த்திருப்பதால் சவ்வின் செல்கள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்வதுதான் காரணம். முதல் தடவையே இப்படி எரிந்து, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று விட்டுவிட்டவர்கள் நிறைய.

பாட்டில் என்றால் முகம் கழுவும் தொட்டியின் மேல் நன்றாகக் குனியுங்கள். தண்ணீர் போகும் துளையைக் கண் பார்க்க வேண்டும். குடுவை என்றால் குனிந்த நிலையில் தலையை ஒரு பக்கம் திருப்புங்கள். நெற்றியும் தாடையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கட்டும். நெற்றி கீழே போனால் நீர் நெற்றி சைனஸ் பக்கம் ஏறிக் கடுக்கும். தலையை அண்ணாந்தால் தொண்டைக்குள் கொட்டும்.

வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள். குடுவையில் மேல்பக்க நாசியில், பாட்டிலில் ஏதாவது ஒரு நாசியில், முனையைப் பொருத்திக் கண்களை நோக்கி அல்லாமல் தலையின் பின்புறம் நோக்கி மெதுவாக விடுங்கள். நீரை விடும்போது "கா, கா" என்று சொல்லிப் பாருங்கள். உள்நாக்குப் பகுதி மேலெழும்பித் தொண்டைக்கு வழியை அடைத்துக்கொள்ளும். முதல் ஓரிரு விநாடி எதுவும் நடக்காது. அப்புறம் மறு நாசியிலிருந்து நீர் ஒழுகும், அதோடு கயிறு போலச் சளி இழுபட்டு வரும். பாதி பாட்டில் ஒரு பக்கம், மீதி மறுபக்கம்.

காதில் அழுத்தம் தெரிந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். நிறுத்தி, கையின் பிடியைத் தளர்த்துங்கள். நீர் மறுபக்கம் வரவே இல்லை என்றால் வலுக்கட்டாயமாக அழுத்தாதீர்கள். அந்தப் பக்கம் முழுசாக அடைத்திருக்கிறது. மறு நாசியில் முயன்று பாருங்கள், அதுவும் நடக்கவில்லையா, மறுபடி ஒத்தடத்துக்குப் போங்கள். இரண்டு பக்கமும் இறுக அடைத்திருக்கும்போதும், காதில் தொற்றோ செவிப்பறையில் ஓட்டையோ இருக்கும்போதும், மூக்கில் அடிக்கடி ரத்தம் வருபவர்களும், அண்மையில் மூக்கிலோ காதிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவர் சொல்லாமல் கழுவக் கூடாது.

முடிந்ததும் அப்படியே நிமிர்ந்துவிடாதீர்கள். இன்னும் அரை நிமிடம் குனிந்தபடியே தலையை இடமும் வலமும் திருப்பி மிச்ச நீரை வடியவிடுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு ஒரு மணி நேரம் கழித்துச் செருப்பு மாட்டக் குனியும்போது மூக்கிலிருந்து திடீரென்று உப்புநீர் கொட்டும். பயப்பட ஒன்றுமில்லை, கூட்டத்தில் நடந்தால் சங்கடம், அவ்வளவுதான். படுக்கப்போகும் நேரத்தில் கழுவ வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

நோய் இருக்கும் நாட்களில் தினம் ஒன்று அல்லது இரண்டு முறை போதும். மீந்த கரைசலைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலை சோப்பால் கழுவி, காய்ச்சிய நீரில் அலசி, மூடியைக் கழற்றிவைத்து உலரவிடுங்கள். ஈரமாக மூடி வைத்த பாட்டில் கிருமி வளர்க்கும் இடம்.

8. மெதுவாகச் சிந்துங்கள், ஸ்பிரே அதன் பிறகு

கழுவியதும் வருகிற ஆசை, பலம் கொண்ட மட்டும் சிந்திவிட வேண்டும் என்பது. இரண்டு நாசியையும் சேர்த்துப் பிடித்து வேகமாகச் சிந்தும்போது உண்டாகும் அழுத்தம் மூக்கிலுள்ள திரவத்தை சைனஸுக்குள்ளேயே தள்ளக்கூடும். 2000இல் வெளியான சி.டி. ஸ்கேன் ஆய்வு ஒன்று இதைப் படமாகவே காட்டியது. ஒரு நாசியை மூடி, மறு நாசியால் மெதுவாக, வாய் திறந்தபடி சிந்துங்கள்.

மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே (ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை) எழுதிக்கொடுத்திருந்தால் 10, 15 நிமிடம் கழித்து அதை அடியுங்கள். இப்போதுதான் மருந்து சளிமேல் அல்லாமல் சவ்வின் மேல் படும். தலையைச் சற்று முன்னால் சாய்த்து, வலக்கையால் இட நாசியிலும் இடக்கையால் வல நாசியிலும் அடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கம் நோக்கும். நடுச்சுவரைப் பார்த்து அடித்துக்கொண்டே இருந்தால் அங்கே புண்ணாகி ரத்தம் வரும். அடித்தவுடன் உறிஞ்சி இழுக்காதீர்கள். தொண்டையில் கசப்புத் தெரிகிறது என்றால் மருந்து போக வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டது. இது உடனடியாக வேலை செய்யும் மருந்தும் அல்ல. தினமும் அடித்து வந்தால் சில நாட்களில்தான் வித்தியாசம் தெரியும்.

ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகை அடைப்பு நீக்கிச் சொட்டுகள் வேறு. நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். மூன்று நாளைக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும், அதற்காக மறுபடி மருந்து. சைனஸ் என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் சட்டைப் பையில் சொட்டு மருந்தோடு திரிபவர்களில் பலருக்கு அடைப்பே அந்த மருந்தால் வருவதுதான்.

9. பகலிலும் இரவிலும்

தண்ணீரும் சூடான பானங்களும் சூப்பும் தாராளமாகக் குடியுங்கள். தொண்டைக்கு இதம், உடல் வற்றாமல் இருந்தால் சளியும் இறுகாது. புகைபிடிப்பவர்கள் இந்த நாட்களிலாவது நிறுத்துங்கள். நாம் இவ்வளவு பாடுபட்டு எழுப்ப முயலும் மயிரிழைகளைப் புகை மறுபடி முடக்கிப்போடும்.

இரவில் தலையை உயர்த்திப் படுங்கள். தட்டையாகப் படுத்தால் மூக்குச் சவ்வில் ரத்தம் தேங்கி அடைப்பு கூடும். கழுத்தை மட்டும் மடக்கும் ஒற்றைத் தலையணையைவிட, தோளிலிருந்தே உயர்த்தும்படி அடுக்கிக்கொள்வது நல்லது.

வலிக்குப் பாராசிட்டமால் எடுப்பதில் தயக்கம் வேண்டாம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் உச்ச வரம்பு. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் அதைவிடக் குறைவு. ஜலதோஷ மாத்திரைகளில் பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருக்கிறது, அட்டையைப் படித்துவிட்டு எடுங்கள். அவற்றில் சேர்க்கப்படும் அடைப்பு நீக்கிகள் ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை என்பதால் அழுத்த நோயாளிகள் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

10. இயற்கை என்ற பெயரில் மூக்கில் போடக் கூடாதவை

பூண்டுப் பல்லை நாசியில் சொருகினால் சளி கொட்டத்தான் செய்யும். சவ்வு எரிச்சல் தாங்காமல் புதிதாகச் சுரப்பது அது. சைனஸில் தேங்கியது வெளியே வரவில்லை. வெங்காயச் சாறு, இஞ்சிச் சாறு, எலுமிச்சைச் சாறு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சாப்பாட்டில் அவை தாராளமாக இருக்கட்டும்.

எண்ணெயோ நெய்யோ சொட்டுவதில் வேறு ஆபத்து. கொழுப்பு மெல்ல நழுவி நுரையீரலுக்குள் இறங்கினால் இருமிக்கூட வெளியேற்ற முடியாது. நாளடைவில் ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். செறிவான வாசனைத் தைலங்களை நேரடியாக மூக்கில் விடுவதும் சவ்வைப் புண்ணாக்கும். துத்தநாகம் கலந்த மூக்கு ஜெல்களால் வாசனை உணர்வே போய்விட்டதாகப் புகார்கள் குவிந்ததால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009இல் அவற்றுக்கு எதிராக எச்சரித்தது.

இருமலுக்குத் தேன் நல்லது. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கூடாது.

11. பத்து நாள் தாண்டினால், அல்லது திரும்பத் திரும்ப வந்தால்

மூன்றாம் படியில் எழுதிவைத்த தேதியை இப்போது எடுங்கள். 10 நாளாகியும் குறையவில்லை, அல்லது குறைந்து மறுபடி ஏறியது என்றால் மருத்துவரைப் பாருங்கள். தொடங்கிய நாள், காய்ச்சல் அளவு, எந்தப் பக்கம் வலி, இதுவரை போட்ட மருந்துகள் – இவற்றைச் சொன்னால் போதும். எடுத்த எடுப்பிலேயே ஸ்கேன் கேட்க வேண்டாம். சாதாரண ஜலதோஷத்தில்கூட ஸ்கேனில் சைனஸ் அடைத்துத்தான் தெரியும். ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தால் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். இன்னும் சில நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னால் அதுவும் முறையான சிகிச்சைதான், அலட்சியம் இல்லை.

வருடத்தில் நான்கு முறையோ அதற்கு மேலோ வந்து வந்து போகிறது, அல்லது 12 வாரம் கடந்தும் விடவில்லை என்றால் கதை வேறு. அப்போது கிருமியைவிட, வடிகால் ஏன் அடிக்கடி அடைபடுகிறது என்பதுதான் கேள்வி. ஒவ்வாமை, மூக்குச் சதை வளர்ச்சி, வளைந்த நடுச்சுவர், பல் தொற்று, ஆஸ்துமா எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப்பியால் மூக்கின் உள்ளே நேரடியாகப் பார்ப்பார், தேவைப்பட்டால் சி.டி. எடுப்பார். அந்தச் சந்திப்புக்குப் போகும்போது நீங்கள் பயன்படுத்தும் ஸ்பிரேயையும் கழுவும் பாட்டிலையும் கையோடு கொண்டுபோய், எப்படிச் செய்கிறீர்கள் என்று அவர் முன்னாலேயே செய்துகாட்டுங்கள். மருந்தை மாற்றுவதா, கை சாய்க்கும் கோணத்தை மாற்றினால் போதுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.